டிசம்பர் மாதப் புட்டி

கிரீன்ஹோல்ம், விஸ்கான்சின்
1994 அக்டோபர் 11

அன்புள்ள ஆர்டிஸ்,

இங்கே இரண்டு முறை உறைபனி விழுந்து தக்காளிச் செடியெல்லாம் கருகிவிட்டது. கோர்டனும் நானும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் மருந்துக்கடை மைலோ நேற்று என்னைத் தனியே கூப்பிட்டார். மனச்சோர்வுக்குக் கோர்டன் சாப்பிடுகிற ஃபெனல்சின் மாத்திரை மொத்த வியாபாரியிடமே இல்லையாம். தயாரிக்கிறவர்கள் மார்ச் வரை அனுப்ப முடியாது என்கிறார்களாம். வீட்டில் எழுபத்தாறு மாத்திரை இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு. பத்தொன்பது நாள் ஓடும்.

டாக்டர் வீம்ஸ் வேறு மருந்துக்கு மாற்றலாம் என்கிறார். ஆனால் இதை நிறுத்தி இரண்டு வாரம் எதுவும் இல்லாமல் இருந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க முடியுமாம். அதுவும் ஒத்துக்கொள்ளுமா என்பது சொல்வதற்கில்லை, ஆறு மருந்து பார்த்துத்தான் இந்த மருந்தில் வந்து நின்றோம் என்றார். அந்த ஆறும் என் கல்யாணத்துக்கு முந்திய கதை.

மருந்துக்கடை வைத்திருக்கிற தன் அக்கா, கிடைக்காத மனநல மருந்துகளை எங்கெங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொடுக்கிறாள் என்று கோர்டன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். அதனால் கேட்கிறேன். போன் எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எனவேதான் கடிதம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெர்னா


மினியாபொலிஸ்
1994 அக்டோபர் 19

அன்பு வெர்னாவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நானும் அதோடு இருக்கிறேன். நீ நலமா?

நூறு மாத்திரை இந்தப் பார்சலில் இருக்கிறது. டாக்டர் வீம்ஸிடம் பேசி மருந்துச்சீட்டை என் கடைக்கு மாற்றி வாங்கிவிட்டேன். புட்டி கிடைத்தது வடக்கு டகோட்டாவில் ஒரு குக்கிராமத்தில். பெரிய கடைகளை நான் கூப்பிடுவதேயில்லை. கம்ப்யூட்டரைத் தட்டி இல்லை என்று வைத்துவிடுவார்கள். வயதான மருந்தாளுநர்கள் சீல் உடைக்காத புட்டியைத் தூக்கிப் போட மனம் வராமல் அடி அலமாரியில் தள்ளி வைத்திருப்பார்கள். வாங்குகிற நோயாளி ஊரை விட்டுப் போயிருப்பார், புட்டி மட்டும் அங்கேயே கிடக்கும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிட வேண்டும், அன்றைக்குத்தான் கூட்டம் இருக்காது. முதலில் பனி எவ்வளவு என்று கேட்க வேண்டும், அடுத்து மீன் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். மருந்தை எடுத்தவுடன் கேட்டால் இல்லை என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மூன்றாவதாகக் கேட்டால் எழுந்து போய் அலமாரிக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள்.

கோர்டனிடம் மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நேற்று நீ வேலையில் இருந்தபோது நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவன் அமைதியாகத்தான் கேட்டுக்கொண்டான்.

சாப்பாட்டு விஷயம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நாள்பட்ட சீஸ், உலர்த்திய தொத்திறைச்சி, ஊறவைத்த ஹெர்ரிங் மீன், புளித்த முட்டைக்கோஸ், பீப்பாய் பீர் எதுவும் இந்த மாத்திரையோடு சேரக் கூடாது. ஒரு துண்டு போதும், இரத்த அழுத்தம் தலைக்கு ஏறிவிடும்.

அன்புடன்,
ஆர்டிஸ்


கிரீன்ஹோல்ம்
1994 நவம்பர் 6

அன்புள்ள ஆர்டிஸ்,

பார்சல் வந்தது, மிகவும் நன்றி. ஏரி ஓரம் உறைந்து கெட்டியாகத் தொடங்கிவிட்டது. இருவரும் நலமே. உங்களுக்கும் அங்கே குளிர் ஒத்துக்கொள்ளட்டும்.

பட்டியலை எனக்கு அனுப்பியிருக்க வேண்டாம். பத்தொன்பது வருடமாகச் சீஸ் ஆலையில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடம் பழுத்த செடாரை மோந்து பார்த்துத் தரம் பிரிக்கிறவள் நான்தான். அந்தச் சீஸில் ஒரு துணுக்கு இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. ஆலையிலேயே உடை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருகிறேன். வந்ததும் மறுபடி குளிக்கிறேன். அதற்குப் பிறகுதான் கோர்டன் பக்கத்தில் போவேன். ஊரில் எல்லாப் பெண்களும் புருஷனுக்கு ஆலைச் சீஸ் கொண்டுபோகிறார்கள், நான் கேரட் கொண்டுவருகிறேன். பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் இருவரும் போனில் பேசுவது அவருக்கு நல்லதாகத்தான் இருக்கிறது. போன வாரம் நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். வைத்த பிறகு என்னவென்று கேட்டால், "அது பழைய கதை, உனக்குப் புரியாது" என்கிறார். பால் லாரி ஓட்டிவிட்டு வந்து என்னிடம் பேசுவது ரோடு எப்படி இருந்தது என்பது மட்டும்தான்.

அடுத்த பார்சலுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அவசரமில்லை.

இப்படிக்கு,
வெர்னா


மினியாபொலிஸ்
1994 நவம்பர் 14

அன்பு வெர்னா,

இங்கே ஏழு அங்குலம் பனி. நான் நலம், கடையில் வேலைதான் முறித்தெடுக்கிறது. இதே மாத்திரைக்காக என்னிடம் கோர்டனைச் சேர்த்து ஆறு பேர் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய ஆட்கள், வேறு எதிலும் நிற்காதவர்கள். இந்த வாரம் நூற்றுப்பத்து இடங்களுக்குப் பேசி இரண்டு புட்டி கிடைத்தது. ஒன்று உனக்கு வருகிறது.

சிரித்தது எதற்கென்றால், அவனுக்கு இருபத்திரண்டு வயதில் என் வீட்டில் ஒன்பது மாதம் இருந்தானே, அப்போது நான் செய்த கோழி ரசத்தைப் பற்றி. படுக்கையை விட்டு எழமாட்டான், பேசமாட்டான். ஒரு நாள் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, இரண்டு மாதத்தில் முதல் வார்த்தையாக, "இது கெட்டுப் போச்சு" என்றான். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். நீ அப்போது இல்லை, அதனால் அதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. நீ கட்டிக்கொண்டது மருந்துக்குப் பிந்திய கோர்டனை.

அவன் டிசம்பரை நினைத்துப் பயப்படுகிறான். மாத்திரை தீர்ந்துபோய்ப் பழையபடி ஆகிவிடுவேனோ என்று இரண்டு வாரமாகச் சொல்கிறான். விடியற்காலையில் லாரியை ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறானாம். உன்னிடம் சொல்லியிருப்பான். கவனித்துக்கொள்.

அன்புடன்,
ஆர்டிஸ்


கிரீன்ஹோல்ம்
1994 நவம்பர் 27

அன்புள்ள ஆர்டிஸ்,

புட்டி வந்தது. நலம். உங்கள் நலம் பற்றி ஞாயிறுதோறும் கேட்டுக்கொள்கிறேன், சுவரோரம் நின்று.

அவர் என்னிடம் சொல்லவில்லை. லாரி நிறுத்துவதையும் சொல்லவில்லை. பயப்படுவதையும் சொல்லவில்லை. எப்படி இருக்கீங்க என்றால், "நல்லாத்தான் இருக்கேன் வெர்னா" என்கிறார். ஒரே கட்டிலில் படுக்கிறவளுக்குக் கிடைக்காத சேதி நூற்றைம்பது மைல் தள்ளி இருக்கிறவளிடமிருந்து தபாலில் வருகிறது. படித்தபோது வயிறு எரிந்தது ஆர்டிஸ். மறைத்து என்ன ஆகப்போகிறது, எரிந்தது.

ஒன்பது மாதம் பார்த்துக்கொண்டீர்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. பதினாறு வருடத்துக்கு எத்தனை மாதம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இப்போது புட்டியும் உங்கள் கையிலிருந்து வருகிறது, சிரிப்பும் உங்களிடமிருந்து வருகிறது. நான் எதற்கு இருக்கிறேன்? கேரட் சீவவா?

அடுத்த மாதம் நன்றி சொல்ல எழுதுகிறேன்.

வெர்னா


மினியாபொலிஸ்
1994 டிசம்பர் 6

வெர்னா,

உன் கோபம் ஆறட்டும், இன்னொரு நாள் பேசுவோம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது, இரண்டு பேரும் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

இதோடு நூறு மாத்திரை. இந்த மாதம் எனக்குக் கிடைத்தது இந்த ஒரே புட்டிதான். அதனால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பத்திரம். பதினெட்டாம் தேதி பழைய புட்டி தீரும், அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஆர்டிஸ்


கிரீன்ஹோல்ம்
1994 டிசம்பர் 20

அன்புள்ள ஆர்டிஸ்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் நலம். உண்மையிலேயே நலம், ஏனென்று சொல்கிறேன்.

உங்கள் பார்சல் வரவில்லை. பண்டிகைத் தபாலில் எங்கேயோ சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி வரை பார்த்துவிட்டு நானே இறங்கினேன். நீங்கள் எழுதிய மாதிரியே செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு மேல். அரைநாள் லீவு போட்டு ஆலை அலுவலகப் போனில் உட்கார்ந்தேன். பனி எவ்வளவு, மீன் எப்படி, அப்புறம்தான் மருந்து. முப்பத்தெட்டாவது கடையில் கிடைத்தது. மிச்சிகன் மேல்முனையில் ஒரு பழைய சுரங்க ஊர். ஒரு புட்டி கேட்டால் அவரிடம் நான்கு இருந்தது. டாக்டரிடம் புதுச்சீட்டு வாங்கிக்கொண்டு, பனிப்புயலில் ஐந்து மணி நேரம் நானே ஓட்டிப் போய் இரண்டு வாங்கி வந்தேன். மற்ற இரண்டையும் எனக்கென்று எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி ஆறு வரைக்கும் கவலையில்லை, அதற்கப்புறமும் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்து புட்டிகளை மேஜையில் வைத்தேன். கோர்டன் என்னையே பார்த்தார். "நீயா போன? இந்தப் பனியிலயா?" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் குளிக்கவில்லை என்றேன். விடவில்லை. அன்றைக்கு லாரி நிறுத்துவதைப் பற்றி அவராகவே சொன்னார்.

இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
வெர்னா


மினியாபொலிஸ்
1995 ஜனவரி 3

அன்பு வெர்னா,

புத்தாண்டு உங்கள் இருவருக்கும் சுகமாக அமையட்டும். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை.

முப்பத்தெட்டாவது கடை! பத்து வருடமாக இந்த வேலை செய்கிற எனக்கே முதல் மாதம் அப்படி அமையவில்லை. கோர்டன் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பற்றித்தான் பேசினான், வேறு எதுவும் பேசவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் எனக்கும் எரிந்தது என்று வைத்துக்கொள், கணக்கு நேராகிவிடும்.

ஆனால் அந்தப் பார்சலை விடுவதாக இல்லை. பதிவுத் தபால் அப்படிக் காற்றில் கரையாது. தபால் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்த் தபால்காரரை விசாரிப்பார்கள். அந்தப் புட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். காரணம் அப்புறம் எழுதுகிறேன்.

உன் மிச்சிகன்காரரின் பெயரையும் போன் நம்பரையும் எழுது. இங்கே மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆர்டிஸ்


மினியாபொலிஸ்
1995 ஜனவரி 24

வெர்னா,

நீ பதில் எழுதவில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

தபால் நிலையத்திலிருந்து ஒப்புதல் அட்டையின் நகல் வந்தது. டிசம்பர் ஒன்பது, பகல் பன்னிரண்டு இருபது, சீஸ் ஆலை வாசல். கையெழுத்து உன்னுடையது. வெர்னா டோலஃப்சன் என்று வட்டமாக, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் போடுவாயே, அதே கையெழுத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, தபால்காரர் தலையில் பழியைப் போட்டிருக்கிறாய். அந்த மனிதர் மூன்று வாரமாக விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.

எனக்கு அதுகூடப் பெரிதில்லை. இதைக் கேள். ஆறு பேர் என்று எழுதியிருந்தேன். பதிவு செய்த வரிசைப்படி டிசம்பர் மாதப் புட்டி கோர்டனுக்குரியது அல்ல. அவனுக்கு முன்னால் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், இரண்டு பெண் குழந்தைகள். கோர்டனுக்கு நாள் நெருங்குகிறது, அவன் பயப்படுகிறான், அவன் என் தம்பி, அதனால் வரிசையைத் தாண்டி அவனுக்கு அனுப்பினேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் நவம்பர்க் கடிதம் என் மேஜையில் இருந்தது. இந்த மாதமும் அவனைக் காப்பாற்றியவள் நானாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் பஸ்காரர் கடைக்கு வந்தார். "ஒண்ணுகூட இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லையென்று சொன்னேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு, பரவாயில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார்.

ஜனவரி முதல் வாரம் அவர் சாப்பிடுவதை நிறுத்தினார், அப்புறம் பேசுவதை. ஒன்பதாம் தேதி மனைவி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மாற்று மருந்துகளெல்லாம் அவருக்கு முன்பே கொடுத்துப் பார்த்துக் கேட்காதவை. பழைய மருந்துதான் வேண்டும், எங்கேயும் இல்லை. அந்தப் புட்டி எங்கேயோ பிரிக்கப்படாமல் இருக்கிறது, இல்லையா? இருந்தும் பயனில்லை. என் கடையை விட்டு ஒருவர் பெயரில் போன மாத்திரையைத் திரும்ப வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கச் சட்டம் விடாது.

மிச்சிகன்காரரின் நம்பரை இன்னொரு முறை கேட்கிறேன்.

ஆர்டிஸ்


கிரீன்ஹோல்ம்
1995 பிப்ரவரி 1

ஆர்டிஸ்,

நலம் விசாரிக்க முகமில்லை. இருந்தாலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

ஐனோ கார்ப்பினென். நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். காது கொஞ்சம் மந்தம், நாலைந்து மணி அடிக்க விடுங்கள். பனியைக் கேட்காதீர்கள், அங்கே பனி எப்போதும் இருக்கிறது. பேத்தியின் ஹாக்கி ஆட்டத்தைக் கேளுங்கள். இரண்டு புட்டியையும் வெர்னா விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். நேற்றே நான் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், அவர் உங்களை எதிர்பார்க்கிறார். சாதாரணத் தபால் போய்ச் சேரும் வரை காத்திருக்கக் கூடாதென்று இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் புட்டி ஆலையில் என் அலமாரியில், ரப்பர் பூட்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. தபால்காரர் லைல் அன்று ஆலை வாசலில் என்னைப் பார்த்துக் கையோடு கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்தில் லேபிள். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று தெரியும். "அக்கா அனுப்பிட்டா" என்று முகம் மலர்வார், போனை எடுப்பார், நான் பாத்திரம் கழுவப் போவேன். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் என் கையால் அவர் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டது பூட்ஸைக் கழற்றும்போதே மறந்துபோனது. வரிசை என்று ஒன்று இருப்பதும் அதில் ஆள் நிற்பதும் எனக்குத் தோன்றவேயில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது நீங்கள் ஒருவர்தான்.

புட்டி வாங்கி வந்ததற்குக் கோர்டன் என் கையைப் பிடித்தாரென்று எழுதினேனே, அந்த வரியை எழுதும்போது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அது உங்களுக்கு உறைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

லைலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தபால் அதிகாரிக்கும் எழுதிக் கொடுத்தேன். கோர்டனிடம் சொல்லவில்லை. பிப்ரவரி ஆறாம் தேதி புட்டி தீர்கிறது. அதற்கப்புறம் அவருக்கு உள்ளது பூட்ஸுக்குப் பின்னால் இருப்பது ஒன்றுதான். அதில் டிசம்பர் தேதி அடித்திருக்கிறது.

வெர்னா


மினியாபொலிஸ்
1995 பிப்ரவரி 6

வெர்னா,

சுருக்கமாக எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்கள். ஐனோ இரண்டு புட்டியையும் அனுப்பிவிட்டார். பஸ்காரருக்கு நான்காம் தேதியிலிருந்து கொடுக்கிறார்கள். வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், நிச்சயமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நேற்று கஞ்சி குடித்தாராம்.

லேபிளைக் கிழித்துவிடாதே. தேதியும் பெயரும் இல்லாத புட்டியிலிருந்து அவன் மாத்திரை சாப்பிடக் கூடாது. இது மருந்துக்கடைக்காரியாகச் சொல்வது. நாத்தனாராக எதுவும் சொல்ல எனக்கும் முகமில்லை.

இந்த ஞாயிறு நான் கூப்பிடவில்லை. நீ சொன்ன பிறகு அவன் கூப்பிடட்டும்.

ஆர்டிஸ்


கிரீன்ஹோல்ம்
1995 பிப்ரவரி 12

அன்புள்ள ஆர்டிஸ்,

இங்கே குளிர் சற்று விட்டிருக்கிறது, கூரையிலிருந்து சொட்டுகிறது. இருவரும் உடம்புக்கு நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும், எழுதுங்கள்.

ஏழாம் தேதி காலை புட்டியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். லேபிளை வெந்நீரில் ஊறவைத்தால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும், ஆலையில் தினம் செய்கிற வேலை. தண்ணீர் சுடவைக்கக்கூடச் செய்தேன். அதில் காபி போட்டுவிட்டேன்.

கோர்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அலமாரி, லைல், ஐனோ, உங்கள் கடிதம். திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, என் மேல் உள்ள ஆசையில்தானே செய்தாய் என்று சொல்வார் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன், வெட்கமில்லாமல். இரண்டும் இல்லை.

"இது எனக்கு வந்ததால யாருக்கு இல்லாமப் போச்சு?" என்று கேட்டார்.

அதைத்தான் முதலில் கேட்டார் ஆர்டிஸ். நீங்களும் நானும் நான்கு மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பஸ்காரரைப் பற்றிச் சொன்னேன். பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் சொல்ல அனுமதியில்லை என்றேன். ஆஸ்பத்திரியா என்றார். எத்தனை நாளாகப் பேசவில்லை என்றார். பேசுவதை நிறுத்தினதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. அப்புறம் நான்கு மாத்திரையில் காலை மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு லாரிக்குப் போனார். மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. உங்களையும் கூப்பிடவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

நேற்று மத்தியானம் மேஜையைத் துடைத்து, தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் துணி மடித்து முடித்தேன், இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்தேன், இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். பஸ்காரருக்கு. படுக்கையில் பேசாமல் கிடந்த அந்த நாட்களைப் பற்றி, அதற்குள்ளே எப்படி இருந்தது, வெளியே இருக்கிறவர்கள் பேசியதில் எது காதில் விழுந்தது, எது விழவில்லை என்பதையெல்லாம் எழுதியிருப்பதாகச் சொன்னார். பஸ்காரர் பேச ஆரம்பித்த பிறகு உங்கள் கையால் கொடுக்கச் சொல்கிறார். நீங்கள் உறையில் பெயர் எழுதிக்கொள்ளலாமாம், எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லையாம்.

எத்தனை பக்கம் என்று கேட்டேன். ஒன்பது. இந்தப் பதினாறு வருடத்தில் எனக்கு அவர் எழுதியது, பால் வாங்கி வரச் சொல்லி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய சீட்டுகள்தான். கேட்டேவிட்டேன், "எனக்கு ஒரு வரி எழுதினது உண்டா?" என்று. நாக்கால் உறையை நனைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு என்னத்த எழுதுறது வெர்னா, நீ இங்கயே இருக்கியே" என்றார்.

உங்களுக்கு அந்தக் கோர்டனைத் தெரியும். முன்பின் பார்த்திராத ஒரு பஸ் டிரைவருக்கும் தெரியப்போகிறது. கட்டிக்கொண்டவளுக்கு மட்டும் தெரியாது. இராத்திரி முழுக்க உறை மேஜையில் கிடந்தது, நான் இரண்டு தரம் எழுந்து வந்து எடுத்துப் பார்த்தேன்.

பிரிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன், பதிவுத் தபாலில். நாளை லைல் கையெழுத்துக் கேட்பார், போடுவேன்.

அன்புடன்,
வெர்னா